கடல் கடந்த தூரிகை

நாஞ்சில் நாட்டிலே, தக்கலைக்கு அருகே நிற்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. செதுக்கிய மரத்தூண்களையும், சுவரோவியங்களையும், சீனத்துப் பெருஞ்சாடிகளையும் கண்டு வியக்காதார் இல்லை. நாமும் வியந்தோம். வியந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. சாடி வந்தது, சரி. அதை வனைந்த கையின் அறிவு நம் நாட்டுக் குயவனுக்கு வந்து சேர்ந்ததா? பொருள் வருவது வாணிகம். அறிவு வருவதன்றோ கலைப் பரிமாற்றம்!

அறிவைப் பூட்டி வைத்த கதை திருவிதாங்கூருக்குப் புதிதன்று. 1848இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, எண்ணெய் வண்ண ஓவியம் கற்க விழைந்தார். அரண்மனை ஓவியர் தம் தொழில் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது பார்த்துக்கொள்ள மட்டும் இடங்கொடுத்தார். அரச குடும்பத்தோடு உறவு பூண்டவருக்கே இந்நிலை என்றால், ஏரோட்டியின் மகனுக்கும் பனையேறியின் மகனுக்கும் எந்தக் கதவு திறந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

பூட்டிய கையைக் கண்டோம். இனி, விரித்த கையைக் காண்போம்.

1902இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நட்புக் கொண்டார். அடுத்த ஆண்டு, 1903இல், அவருடைய மாணவர்களான யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அவர்கள் தூரிகை பிடிக்கும் முறையை அவனீந்திரநாத் தாகூர் அருகிருந்து பார்த்தார். தைக்கான் அகன்ற தூரிகையால் தாளில் நீரைத் தடவி வண்ணத்தைப் பரவவிடுவார். அவனீந்திரரோ ஒருபடி மேலே சென்று, தீட்டிய தாளையே நீரில் தோய்த்தெடுத்தார். உலர்ந்தபின் மீண்டும் தீட்டினார். மூடுபனி படர்ந்தாற்போன்ற தோற்றம் பிறந்தது. நீர்க்கழுவல் ஓவியம் என்று பெயர் பெற்ற முறை இதுவே. கண்டதை அப்படியே படியெடுப்பது அடிமைத்தனம்; கண்டதைச் சிந்தித்துத் தனதாக்குவது கலை. ஜப்பானியரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இந்நாட்டு மாந்தரையும் கதைகளையும் கருப்பொருளாகக் கொண்டு சென்றனர்.

1916இல் இரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் சென்றதன் பயனாக அராய் கம்போ என்னும் ஓவியர் இங்கு வந்தார். 1918 வரை தங்கி, கல்கத்தாவில் ஜப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார்; அஜந்தாக் குகைச் சுவர்களைப் படியெடுத்தார். கற்பிக்க வந்தவர் கற்கவும் செய்தார் என்பதை மனத்தில் நிறுத்துங்கள்.

அந்த விளக்கின் ஒளி சென்னைக்கும் வந்தது. அவனீந்திரரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமை ஏற்றார். ஆசானின் பாதையிலேயே அவர் நின்றுவிடவில்லை. மென்பனி ஓவியத்தில் தொடங்கியவர், வியர்வை சிந்தும் மனிதனின் தசைநாரைச் சிலையாக்கினார். 1959இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் படைப்பே. பாறையை நகர்த்தும் நால்வர்! அங்கே கிரீடம் இல்லை, கோபுரம் இல்லை. உழைக்கும் கைகளே உள்ளன. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைக்க முன்னின்றார்.

இத்துடன் முடித்துவிட்டால் கதை இனிக்கும், உண்மை குறையும். ஆசியா முழுவதும் ஒரே பண்பாட்டு உறவுடையது என்று ஒகாகுரா எழுதினார். நட்புக்காக எழுந்த அக்கருத்தைப் பின்னாளில் ஜப்பானிய வல்லரசு தன் படையெடுப்புக்குப் போர்வையாக்கிக்கொண்டது. 1938இல் சீனப் போரை ஞாயப்படுத்திய ஜப்பானியக் கவிஞர் நொகுச்சியைத் தாகூர் கடிதத்தில் வன்மையாகக் கண்டித்தார். தைக்கானோ 1940இல் தம் ஓவியங்களை விற்ற பணத்தைப் போர் விமானங்களுக்காக அளித்தார்! கல்கத்தாவில் அன்புடன் அமர்ந்து தீட்டிய அதே கை அன்றோ அது?

விளைவு என்ன? 1942இல் ஜப்பானியப் படை பிலிப்பைன்சைக் கைப்பற்றியது. 1945இல் மணிலா நகரப் போரில் ஏறத்தாழ 1 இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். பழைய மதில் நகரம் இடிபாடாயிற்று. சயாம்–பர்மா ரயில் பாதையிலே மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்தனர். ஒரே ஆசியா என்றவர்கள், அந்த ஆசியாவின் ஏழைக்குக் கொடுத்த பரிசு இது. சொல்லின் இனிமையைக் கேட்டு மயங்காதீர்கள். அச்சொல்லால் யார் வாழ்கிறார், யார் சாகிறார் என்று கேளுங்கள். அதுவே பகுத்தறிவு.

எனினும், பகை நிலையானதன்று. 1979இல் ஜப்பானின் புகுவோகா நகரில் திறக்கப்பட்ட கலைக்கூடம் ஆசிய ஓவியர்களை அழைத்துக் கண்காட்சிகள் நடத்தத் தொடங்கியது. 1999இல் அந்நகரிலேயே ஆசியக் கலைக்கெனத் தனிக்கூடம் எழுந்தது. பிலிப்பைன்ஸ் ஓவியமும் இந்திய ஓவியமும் ஜப்பானிய மண்ணிலே ஒன்றாய்த் தொங்குகின்றன. ஒருகாலத்தில் துப்பாக்கியோடு சென்ற நாடு, இன்று கலைஞனை விருந்தினனாய் அழைக்கிறது. மறந்துவிட்டதால் அன்று, மறவாமல் பேசத் துணிந்தால்தான் இந்த உறவு நிலைக்கும்.

நாஞ்சில் நாட்டு இளைஞர்களே! பத்மநாபபுரத்துச் சாடியை அடுத்த முறை காணும்போது அதன் அழகோடு நின்றுவிடாதீர்கள். அதை வனைந்தவன் யார், அவன் அறிவு ஏன் நம் கைக்கு எட்டவில்லை என்று கேளுங்கள். பிறகு, உங்களுக்குத் தெரிந்த தொழிலை, கேட்டு வரும் எவர்க்கும், குலம் கேளாமல், ஊர் கேளாமல் சொல்லிக்கொடுங்கள். பூட்டிய கலை பூட்டியவனோடு மாளும். பகிர்ந்த கலையே தலைமுறை தாண்டும்.