பதின்மூவாயிரம் அம்புகள்



விற்கலைத் தேர்வு என்றதும் நம் நினைவுக்கு வருவது மரக்கிளைப் பறவையும், அதன் கண்ணையன்றி வேறெதையும் காணாத அருச்சுனனுமே. ஓர் அம்பு, ஒரு குறி, தேர்வு முடிந்தது. இதற்கு நேர்மாறான தேர்வொன்று ஜப்பானில் நடந்து வந்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கியோத்தோ நகரில் சஞ்சூசங்கென்தோ என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. 1164-இல் எழுப்பப்பெற்று, 1249-இல் தீக்கிரையாகி, 1266-இல் மீண்டும் கட்டப்பெற்ற நெடிய மரக்கட்டடம். அதன் மேற்குப் புறத்தில் ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்திற்கு நேராக ஓடுகிறது ஒரு தாழ்வாரம். அதுவே போட்டிக்களம். தென்கோடியில் அமர்ந்து எய்த அம்பு எங்கும் முட்டாமல் வடகோடியைத் தாண்ட வேண்டும். எளிதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். தொலைவுக்கு எய்பவன் வில்லை உயர்த்தி அம்பை வானில் வளைந்து செல்ல விடுவான். இங்கோ மேலே கூரை தடுக்கிறது. அம்பு தாழவும் பறக்க வேண்டும், நெடுந்தொலைவும் போக வேண்டும். வலிய வில்லும் அதை வளைக்கும் தோளும் இல்லாதவன் அங்கே உட்காரவே முடியாது.

தோஷியா எனப்படும் இப்போட்டியில் 1606-இல் ஒருவர் 100 அம்புகள் எய்து 51-ஐக் கடத்தினார். பின்னர் ஆசை வளர்ந்தது. ஒரு மாலை தொடங்கி மறுமாலை வரை, ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாது எய்யும் போட்டி பிறந்தது. தொகுகாவா குடும்பத்தின் இரு கிளைகள் ஆண்ட ஓவாரி, கீ ஆகிய நாடுகள் தத்தம் வீரர்களை மாறி மாறி அனுப்பின. பங்காளிப் போட்டி எங்கும் ஒன்றுதான் போலும்! 1669-இல் ஓவாரியின் ஹோஷினோ கன்சாயெமோன் 10,542 அம்புகளில் 8,000-ஐக் கடத்தினார். 1686-இல் கீ நாட்டின் இளைஞர் வாசா தைஹாச்சிரோ 13,053 அம்புகளில் 8,133-ஐக் கடத்தினார். அவ்வெண்ணை எவரும் விஞ்சவில்லை.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நிமிடத்திற்கு ஒன்பது அம்புகள், அதுவும் 24 மணி நேரம்! ஆனால் அதே கணக்கு மற்றொன்றையும் காட்டிற்று. ஹோஷினோவின் அம்புகளில் நூற்றுக்கு 76 கடந்தன. வாசாவுக்கு 62 மட்டுமே. சிறந்த வில்லாளி யார்? போட்டி வாசாவைச் சொல்கிறது; என் மனம் ஹோஷினோவிடம் சாய்கிறது. வாசாவின் கை வீங்கித் தளர்ந்தபோது, பார்த்திருந்த ஹோஷினோவே அதைக் கத்தியால் கீறிக் குருதியை வடித்து, மேலும் எய்ய உதவினார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதையே எனினும், தம் புகழைப் பறிக்க வந்தவனுக்கு உதவியவராக அவரை மக்கள் நினைவு வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இவையெல்லாம் நடந்த காலத்தையும் நோக்க வேண்டும். 1543-இலேயே போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டிலோ நாட்டில் நீண்ட அமைதி. போர்க்களத்தில் வேலையிழந்த வில் ஆலயத் தாழ்வாரத்தில் மானங்காக்கப் போராடியது. அப்போராட்டம் கலையையே மாற்றிற்று. வலிய வில்லை ஆயிரக்கணக்கான முறை இழுப்பதற்கென்றே நான்கு விரல்களை மூடும் தோலுறை உருவாயிற்று. அது இன்றும் வழக்கில் உள்ளது.

ஆண்டுதோறும் ஜனவரியில் இளைஞரும் இளம்பெண்களும் அவ்வாலயத்தில் கூடி எய்கிறார்கள். குறி இருப்பது 60 மீட்டர் தொலைவில். எய்வது திறந்த வெளியில்.