உபதேசியாரும் அண்ணனும்: தமிழ்க் கிறிஸ்தவத்தில் தலைமை உருவான வழி

கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி வழியாகத் தெற்கே இறங்கினால் பாம்பாற்றங்கரையில் ஓரியூர் வரும். மேற்கே புதுக்கோட்டையைத் தாண்டி விராலிமலைப் பக்கம் போனால் ஆவூர். இயேசு சபையின் பழைய மதுரை மிஷன் வரலாற்றில் இரண்டுமே தவிர்க்க முடியாத ஊர்கள். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவருக்கு முன்பாகவே ஊருக்குள் நுழைந்து பேச்சுக் கொடுத்த உள்ளூர் ஆண்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களை உபதேசியார் என்பார்கள்; வேதியர் என்பதும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவ ஆண்களின் தலைமை குருப்பட்டத்தில் தொடங்கவில்லை, இந்த உபதேசியார் வேலையில்தான் தொடங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேலை எளிதானதல்ல. பெரும் பரப்பு ஒன்றுக்கு ஒரே குரு. அவர் ஓர் ஊருக்குத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, பிணம் அடக்குவது எல்லாம் உபதேசியார் தலையில். அதிகாரம் இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு.

அந்தப் பொறுப்புக்கு விலை என்ன என்பது 1686இல் தெரிந்தது. மறவர் சீமையில் பிரிட்டோவைக் குமாரப்பிள்ளை என்ற அதிகாரி பிடித்தபோது உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள். சாட்டையடியும் நீரில் முக்கி எடுப்பதும் எல்லாருக்கும் பொதுவாகவே நடந்தன. குரு ஐரோப்பியர், இவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்ற வேறுபாட்டை அடித்தவர்கள் பார்க்கவில்லை. அச்சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி, இனிப் போதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிரிட்டோவை விடுவித்தார். அவர் ஐரோப்பாவுக்குப் போய் 1690இல் திரும்பினார். உபதேசியார்களுக்குப் போக வேறு நாடு இல்லை. அடித்தவர்கள் நடமாடும் அதே சீமையில்தான் அவர்கள் மறுபடி வேலை செய்ய வேண்டியிருந்தது. துணிவைப் பேசுவதென்றால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இந்தத் துன்புறுத்தலை மதப் பகை என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. தன் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான தொண்டைமானைப் புதுக்கோட்டையில் அமர்த்தியவர் கிழவன் சேதுபதி. அவருடைய அரசியலே மண உறவுகளின் மேல் நின்றது. மறவர் அரசகுடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். போதனை அரண்மனைக்குள் புகுந்த இடம் அது; அடுத்த மாதமே ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது.

உபதேசியார் என்ற பதவியை முறைப்படுத்தி எழுதியவர் வீரமாமுனிவர். 1727இல் அவர் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்ட உரைநடை நூல். தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்குக் கொடுக்கும் இடத்தைத் திருச்சபை வரலாற்றிலும் கொடுக்க வேண்டும். படித்து, தம்மைத்தாமே சோதித்துக்கொண்டு, பிறரை நடத்த வேண்டிய ஒரு தமிழ் ஆண்குழாம் அப்போதே இருந்தது என்பதற்கு அது சான்று. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அச்சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1830களின் இறுதியில்தான். அந்த அறுபது ஆண்டுகளில் குருக்கள் மிகக் குறைவு. கிராமங்களில் ஜெபமும் திருவிழாவும் தொடர்ந்ததென்றால் உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும் பிடித்து நிறுத்தியதால்தான்.

தரங்கம்பாடியின் லுத்தரன் மிஷனில் காரணம் வேறு, விளைவு ஒன்று. ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை அரசின் எல்லைக்குள் நினைத்தபடி போக முடியாது, தமிழர் போகலாம். ஆகவே கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக உழைத்து, 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் புரோட்டஸ்டன்ட் இந்தியர் அவரே.

ஆனால் இக்காலத்தின் கூர்மையான பாடம் ஆரோனிடம் இல்லை, ராஜநாயக்கனிடம் இருக்கிறது. தஞ்சைப் படையில் வீரராக இருந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து மனம் மாறி, 1720களின் இறுதியில் அந்த மிஷனில் சேர்ந்தார். பழைய உறவினரும் சபையினரும் பகைத்தார்கள். இருந்தும் 1771இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார். ஆரோனுக்குத் துணையாக இரண்டாவது குருவைத் தேடியபோது அவர் பெயர் எழுந்தது. ஆனால் அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். அரண்மனைச் சாட்டை எல்லாரையும் ஒன்றாக அடித்தது; சபையின் பந்தி ஒன்றாக உட்கார மறுத்தது. சகோதரத்துவம் என்று நாம் எழுதும்போதெல்லாம் இந்த வழக்கை ஓரமாக வைக்க முடியாது. பட்டம் இல்லாமலே அவர் தலைவராக இருந்தார் என்று ஆறுதல் சொல்வதும் எனக்கு ஏற்பில்லை. அது மறுத்தவர்களுக்கு வசதியான ஆறுதல்.

திருநெல்வேலியில் கதை வேகம் பிடிக்கிறது. 1790இல் தஞ்சையில் பட்டம் பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டைச் சபைக்குப் பொறுப்பேற்றார். அங்கே 1785இல் கோயில் எழுந்ததற்குக் காரணம் குளோரிந்தா என்ற பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்களின் தலைமை என்று நாம் பிரித்துப் பேசுவது பாதி நம் பழக்கத்தால்தான். அடுத்த தலைமுறையில் தாவீது சுந்தரானந்தம் தாக்குதலுக்கு ஆளான கிறிஸ்தவர்களைக் கூட்டி, 1799இல் முதலூர் என்ற தனிக் குடியிருப்பை அமைத்தார். துன்பம் ஒரு மனிதரைத் தலைவராக்கிய இடத்தில் ஓர் ஊரே பிறந்தது.

நூறு ஆண்டு கழித்து அதே மண்ணின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தனி மனித வீரத்தைவிடக் கூட்டுழைப்பை நம்பினார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராக இளைஞர்களைச் சந்தித்தவர். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தம் காசில் ஊழியரை அனுப்புவதை அங்கே போனபோது கண்டு, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்றார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் ஐரோப்பியர்கள் நிறைந்த அவையில், நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், நட்புத்தான் தரவில்லை என்ற பொருளில் பேசினார். கேட்டவர்களில் பலருக்கு உறுத்தியது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக உயர்த்தப்பட்டபோது, ஆங்கிலிக்கன் சபையில் அந்நிலையை எட்டிய முதல் இந்தியர் அவர். ராஜநாயக்கன் சாதியால் மறுக்கப்பட்டார். அசரியா கேள்வி கேட்டது இனத்தின் பெயரால் நடந்த மறுப்பை. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்காத சபை வரலாறு ஒற்றைக்கண் வரலாறு.

அசரியா கேட்ட நட்பை நடைமுறையில் சோதித்த இடம் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூர். மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். திருமணம் இல்லை, கதர் உடை, ஏழைகளுக்கு மருத்துவம், திராவிடப் பாணியில் எழுப்பிய ஜெபாலயம். 1932இல் சென்னையில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைக் காவல்துறையினர் தடியால் அடித்து, சாய நீரைப் பீய்ச்சினார்கள்; இந்த முறை அடிபட்டவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்.

ஆசிரமத்தில் யாரும் அவரைத் துரை என்று கூப்பிடவில்லை. ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். செல்வம் ஸ்காட்லாந்துக்காரரிடம் இருந்தது. மூப்பு தமிழரிடம் இருந்தது. 1733இல் ஆரோனின் தலையில் ஐரோப்பியக் கைகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்குப் பின் திருப்பத்தூரில் அந்த வரிசை மாறியிருந்தது, அதுவும் எந்தச் சபைத் தீர்மானமும் இல்லாமல், இரண்டு மருத்துவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் உண்டு வாழ்ந்ததால்.