கார்டின் மறுபக்கம்

2019இல் வந்த மார்வெல் சாம்பியன்ஸ், காசு வைத்து ஆடாத ஒரு கார்ட் விளையாட்டு. அதில் ஒவ்வொரு வீரரின் கார்டுக்கும் இரு பக்கம்: ஒன்றில் சண்டைக்காரர், மற்றதில் வீட்டு மனிதர்.

மிஸ் மார்வெலைத் திருப்பினால் கமலா கான். நானா ஆமிர், தோழி நாகியா ஆகியோரின் கார்டுகள் அவள் கமலாவாக இருக்கும்போதுதான் கைகொடுக்கும்.

காரணம், 2014இல் தொடங்கிய அவளுடைய காமிக்ஸ். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை அவள். சக்தி கிடைத்ததும், தான் நேசித்த கரோல் டான்வர்ஸின் வெள்ளைக்காரத் தோற்றத்துக்கே முதலில் மாறினாள். பிறகு தன் புர்கினியையே சண்டை உடுப்பாக்கி, சொந்த முகத்தோடு நின்றாள்.

கொழும்புக்குப் போனதும் தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம். ஊரையும் வீட்டையும் மறைத்தால், நமக்கு உதவ வேண்டியவர்களையும் சேர்த்தே மறைக்கிறோம்.