பள்ளிக்கு நிறுவன உதவி: கணினியோடு கேட்டு வாங்க வேண்டிய கடிதம்

'உங்கள் பள்ளிக்கு 20 மடிக்கணினி தருகிறோம்' என்று ஒரு நிறுவனம் முன்வந்தால் எந்தத் தலைமையாசிரியரும் வேண்டாம் என்பதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும், படம் எடுக்கப்படும், பத்திரிகையிலும் வரும். மூன்றாண்டு கழித்து மின்கலம் போனால் யார் மாற்றுவது? இணையக் கட்டணத்தை யார் செலுத்துவது? இந்தக் கேள்விகள் அன்றைய மேடையில் எழுவதில்லை.

தமிழ்ப்பள்ளிகளுக்கு நிறுவன உதவி புதிதன்று. மலாயாவின் தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை ரப்பர் தோட்ட நிர்வாகங்கள் அமைத்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் சொன்னது. கட்டடம் எழுந்தது, நிலமோ தோட்டத்தின் பெயரிலேயே நின்றது. தனியார் நிலத்தில் நிற்பதால்தான் பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் 'பகுதி உதவி பெறும் பள்ளி'களாக இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பள்ளியின் கதி என்ன என்று பெற்றோர் அலைந்ததற்கும் அதுவே காரணம். கொடுத்தது யாருக்குச் சொந்தம் என்று காகிதத்தில் இல்லாததன் விலை அது.

நாட்டில் நடந்தவை

அரசு சார்பு நிறுவனங்கள் பள்ளிகளைத் தத்தெடுக்கும் பிந்தார் திட்டம் 2006-இல் தொடங்கியது. தேர்வு வழிகாட்டிப் பட்டறை, ஊக்கமூட்டும் முகாம், கற்றல் உபகரணம் என அதன் உதவி அமைந்தது. கோவிட் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் முடங்கியபோது, 2021 வரவுசெலவுத் திட்டத்தில் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு சார்பு நிறுவனங்களின் நிதியில், ஹசானா அறவாரியத்தின் வழி, 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்குவது அதன் இலக்கு. 2020 ஜூன் மாதம் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா கற்றல் தளத்தில் கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றும் பங்காளிகள்.

ஒன்பெஸ்தாரிநெட் தந்த பாடமும் உண்டு. அது நன்கொடை அன்று, அரசாங்கக் குத்தகை. சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃபிராக் என்ற மெய்நிகர் கற்றல் தளமும் தருவது நோக்கம். தளத்தின் பயன்பாடு குறைவு என்று தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 ஜூன் இறுதியில் திட்டம் முடிந்து, பள்ளிகள் கூகல் வகுப்பறைக்கு மாறின. ஃபிராக்கில் பாடங்களைத் தயாரித்து வைத்திருந்த ஆசிரியர்கள் அவற்றை வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று. இலவசமோ குத்தகையோ, முடிவுத் தேதி ஒன்று இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நிபந்தனையோடு வந்த கொடை

ரப்பர், அன்னாசித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய லீ கோங் சியான், சிங்கப்பூரில் பொது நூலகம் கட்ட 1953-இல் 375,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், உள்ளூர் மொழிகளுக்கும் இடம் தர வேண்டும் என்பவை அவர் நிபந்தனைகள். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்த நூலகம் 1960 நவம்பரில் திறக்கப்பட்டது. அதுவரை அங்கு பொது நூலகம் என்றால் ஆங்கிலம் என்றிருந்த நிலை மாற, அந்த நிபந்தனையும் துணைநின்றது.

அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் தந்தவர். நிலத்தை ஊர் தர வேண்டும், கொடைத் தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்க வேண்டும் என்பது அவர் வழக்கமாக விதித்த விதி. கணினிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

1. சொந்தமா, இரவலா? அன்பளிப்பு என்றால் பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி வேண்டும்.

2. பழுது பார்ப்பது, மென்பொருள் உரிமம், இணையக் கட்டணம் ஆகியவை எத்தனை ஆண்டுக்கு யார் பொறுப்பு? அதன் பின் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்?

3. ஆசிரியர் பயிற்சி உண்டா? பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு யார் சொல்லித் தருவார்? குறைந்தது இரண்டு ஆசிரியருக்காவது பயிற்சி கேளுங்கள்.

4. பிள்ளைகளின் பெயர், படம், கணக்கு விவரம் யார் கையில் இருக்கும்? விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

5. தமிழ் எழுத்துருவும் தட்டச்சு வசதியும் உண்டா? நூலக உதவி என்றால் எத்தனை தமிழ் நூல்கள்?

நிறுவனத்துக்கும் ஆதாயம்

கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பொது நூலகத்துக்கோ பள்ளி நூலகத்துக்கோ ஒரு நிறுவனம் தரும் உதவியை, ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை, 1967 வருமான வரிச் சட்டத்தின் 34(6)(ஜி) பிரிவின் கீழ் செலவாகக் கழிக்க இடமுண்டு. கல்வி, தகவல் தொழில்நுட்பம் சார்ந்த சமூகத் திட்டங்களுக்கு அடுத்த பிரிவான 34(6)(எச்) உள்ளது. அதற்கு முன்கூட்டியே நிதியமைச்சின் அங்கீகாரம் தேவை. வட்டாரத்தில் தொழில் நடத்தும் நம்மவர்களில் பலர் இதை அறிந்திருப்பதில்லை. பள்ளி வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ உதவி கேட்டுப் போகும்போது இந்தத் தகவலையும் எடுத்துச் செல்லலாம்.

நிறுவனத்தின் கையெழுத்தும் பள்ளியின் கையெழுத்தும் உள்ள ஒரு பக்கக் கடிதம் போதும். அடுத்த தலைமையாசிரியர் வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.