விலை ஏறும்போது நீளும் கை



அரிசி விலை ஏறுகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது, விளக்குக் கட்டணமும் ஏறுகிறது. அப்போது அரசாங்கம் ஓர் உதவியை அறிவிக்கிறது. அதைக் கேட்டதும் சிலர் மகிழ்கிறார்கள், சிலர் சலித்துக்கொள்கிறார்கள், சிலர் "நமக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். இந்த மூன்று குரல்களுக்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பினாங்குத் தீவின் தெற்கே உள்ள பாயான் லெப்பாசிலிருந்து தொடங்கி இன்று பார்ப்போம்.

பாயான் லெப்பாஸ் என்றால் இன்று விமான நிலையமும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1972-ஆம் ஆண்டுக்கு முன்னர் அது வயலும் தோப்பும் மீனவர் குடிசைகளும் நிறைந்த வட்டாரம். அந்த ஆண்டில்தான் மாநில முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் முயற்சியால் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் அங்கே பிறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் மங்குக்கும் பால்வாளிக்கும் பதிலாக உருப்பெருக்கிக் கண்ணாடியின்முன் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள்.

இந்த மாற்றத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. தண்ணீரும், பல தோட்டங்களில் மாலை நேர விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு. பிடித்தம் எதுவானாலும் செக்ரோலிலேயே முடிந்துவிடும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கோ, வாடகை என்றும் தண்ணீர் என்றும் மின்சாரம் என்றும் மாதந்தோறும் தனித்தனிச் சீட்டுகள் வந்தன. சம்பளம் கூடியது உண்மைதான். ஆனால் விலைவாசியின் அடி நேராக வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்போதுதான். அரசாங்க உதவி எந்த வழியாக வருகிறது என்ற கேள்வி முக்கியமாவதற்கு இதுவே காரணம்.

இனிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1967 ஜூன் 12-ஆம் நாள் பேங்க் நெகாரா நம் புதிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய நாணய வாரியத்தின் நோட்டுகளும் கூடவே புழங்கின. இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றே மக்கள் நம்பினார்கள். நவம்பர் 18-ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்கு 14.3 குறைத்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் அதன் மதிப்பும் கூடவே விழுந்தது. பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசுக்குச் சமமாயிற்று. வங்கியில் கணக்கு வைத்திருந்தவரை விட, தகர டின்னிலும் முந்தானை முடிச்சிலும் சேமித்து வைத்த ஏழைக்குத்தான் இழப்பு அதிகம். நவம்பர் 24-ஆம் நாள் தொழிற்கட்சி பினாங்கில் ஹர்த்தால் அறிவித்தது. கடையடைப்பு கலவரமாக மாறியது, ஊரடங்குச் சட்டம் வந்தது, உயிர்கள் போயின. கலவரம் யாருக்கும் பயன் தரவில்லை. ஆனாலும் அந்தச் சினத்தின் வேர் பதினைந்து காசு மட்டுமன்று. சொன்ன சொல் மாறிவிட்டது என்ற எண்ணமே பெரிய வேர்.

அடுத்தது 1974. முந்திய ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் உலகெங்கும் விலை ஏறியது. நம் நாட்டில் 1973-இல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறிய விலைவாசி, 1974-இல் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் ஏறியது. அதே நேரத்தில் ரப்பர் விலை இறங்கியது. வாங்கும் பொருள் ஏறி விற்கும் பொருள் இறங்கினால் குடும்பம் என்ன செய்யும்? கெடா மாநிலத்தின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் நவம்பர் மாதம் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பர் 3-ஆம் நாள் அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் மாணவர்கள் கூடினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்த நாட்களில் பிடிபட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்த இளைஞர் ஒருவரின் பெயர் அன்வார் இப்ராஹிம். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

பாலிங்கில் எழுந்த குரல் "எங்களுக்குத் தானம் கொடுங்கள்" என்பதன்று. "எங்கள் பாலுக்கு நல்ல விலை கொடுங்கள்" என்பதே. தோட்டத் தொழிலாளியின் நிலையும் இதற்கு நெருக்கமானது. கூலி ரப்பர் விலையைப் பின்தொடர்ந்த காலம் அது. ரப்பர் இறங்கினால் கூலி குறையும். அரிசி ஏறினால் கூலி ஏறாது. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல ஆண்டுகள் பேச்சு வார்த்தை மேசையில் மோதியது இந்தச் சுவரோடுதான்.

அந்தக் காலத்தில் அரசின் உதவி பெரும்பாலும் விலையைக் கட்டிப் பிடிப்பதாக இருந்தது. அரிசி, சீனி, மாவு, எண்ணெய் போன்றவற்றுக்கு உச்ச விலை வைப்பதும், மானியம் தருவதும் வழக்கம். இந்த முறையில் பாரம் நிரப்பத் தேவையில்லை, வரிசையில் நிற்கத் தேவையில்லை. தோட்டத்துக் கடையில் வாங்கினாலும் மலிவு, பட்டணத்தில் வாங்கினாலும் மலிவு. ஆனால் ஒரு குறையும் உண்டு. நான்கு கார் வைத்திருந்தவர் நிரப்பிய பெட்ரோலுக்கும் அதே மானியம் போயிற்று. செலவு பெருகப் பெருக அரசு அந்தப் பாரத்தைக் குறைக்கவே வழி தேடியது.

அந்த வழி மாறியது பலருக்கும் நினைவிருக்கும் 2008-இல். ஜூன் 4-ஆம் நாள் மாலையில் அறிவிப்பு வந்தது. நள்ளிரவுக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக ஏறும் என்றார்கள். அன்றிரவு எண்ணெய் நிலையங்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. அரசு ஈடும் அறிவித்தது. 2,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 625 வெள்ளி, 250 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளி; அஞ்சலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். வரிசையில் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள், வாங்கியபின் முணுமுணுக்கவும் செய்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் ஒரு முறை வந்தது. ஏறிய விலையோ நாள்தோறும் இருந்தது. மேலும், வண்டியே இல்லாமல் பேருந்தில் போகிறவருக்கு ஈடு இல்லை. பெட்ரோல் ஏறியதால் விலை கூடிய காய்கறியை அவரும்தான் வாங்கினார்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னோர் உதவி வந்தது. மாத மின்கட்டணம் 20 வெள்ளிக்குள் இருந்தால் அதை அரசே ஏற்றுக்கொண்டது. நல்ல திட்டம் என்று சிறிய குடும்பங்கள் வரவேற்றன. 2019-இல் அது வறியோர் பட்டியலில் பதிந்தவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை என்று மாறியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த 20 வெள்ளி உதவி மீட்டரின் பெயருக்கு வந்தது, மனிதரின் பெயருக்கு வரவில்லை. தோட்ட நிர்வாகத்தின் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் பெறும் லயத்து வீட்டுக்கு ஏது தனி மீட்டர்? பாயான் பாருவில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில், மூவரின் செலவும் ஒரே கணக்கில் ஏறும். அது 20 வெள்ளிக்குள் எப்படி நின்றிருக்கும்?

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. 2022-இல் பிரிட்டனில் மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறியபோது, அந்த அரசு ஒவ்வொரு மின்கணக்குக்கும் 400 பவுன் தந்தது. சொந்தக் கணக்கு இல்லாத குடும்பங்கள் விடுபட்டுப் போயின. அவர்களுக்கென்று தனித் திட்டம் 2023 பிப்ரவரியில்தான் திறந்தது. குளிர் காலம் பெரும்பாலும் கழிந்தபின் வந்த உதவி அது.

பிறகு நம் நாட்டில் ரொக்கப் பணம் வந்தது. 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பி.ஆர்.1.எம். திட்டம், மாதம் 3,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 500 வெள்ளி தந்தது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பெற்றன. பள்ளி திறக்கும் மாதத்தில் கைக்கு வந்தது என்று தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். தேர்தலுக்கு வீசிய தூண்டில் என்று குறை கூறியவர்களும் இருந்தார்கள். 2015 ஏப்ரலில் ஆறு விழுக்காடு பொருள் சேவை வரி வந்தபோது, "ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறார்கள்" என்ற பேச்சு எழுந்தது. அரசுகள் மாறின; திட்டத்தின் பெயரும் பலமுறை மாறியது. ஆனால் திட்டம் நிற்கவில்லை. குறை சொன்னவர்களும் ஆட்சிக்கு வந்தபின் அதை நிறுத்த முடியவில்லை என்பதே அது எவ்வளவு தேவையானது என்பதற்குச் சான்று.

கடைசியாக 2025-க்கு வருவோம். ஜூலை 23-ஆம் நாள், பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 வெள்ளி என்று பிரதமர் அறிவித்தார். ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது லட்சம் பேர். மைகார்டு வழியாக அடிப்படைப் பொருள்கள் வாங்க முடிந்தது. ஆகஸ்டு 31 முதல் அந்த ஆண்டு இறுதி வரை அது செல்லுபடியாயிற்று. அறிவித்தவர், நாம் முன்பு சொன்ன அதே அன்வார் இப்ராஹிம். பாலிங் மக்களுக்காக வீதியில் நின்ற இளைஞர், ஐம்பது ஆண்டுகள் கழித்து உதவியை வழங்கும் இடத்தில் நின்றார். அறிவிப்பு வந்த மூன்றாம் நாளே கோலாலம்பூரில் அவருக்கு எதிராகப் பேரணியும் நடந்தது. நூறு வெள்ளி ஒரே தடவை கடைக்குப் போனால் தீர்ந்துவிடும் என்றார்கள் சிலர். தீர்ந்தால் என்ன, அரிசி மூட்டை வந்ததே என்றார்கள் வேறு சிலர். முதல் நாளில் சில கடைகளில் கணினி முறை தடுமாறி, கூடையோடு காத்திருந்தவர்களும் உண்டு.

இரண்டு பேச்சும் உண்மைதான். ஆனால் மூன்றாவது குரல் ஒன்று மெல்லக் கேட்கிறது. பதிவு பெற்ற கடை பட்டணத்தில் இருந்தால், தோட்டத்து மூதாட்டி வண்டி வாடகை கொடுத்துத்தானே அங்கே போக வேண்டும்? சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவரும், பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்த பிள்ளையும் குடிமக்கள் பட்டியலில் இல்லையே! ஒரே லயத்தில் பிறந்து, ஒரே மரத்தில் பால் வெட்டிய இருவரில் ஒருவருக்கு உதவி வருகிறது, மற்றவருக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் உரிமைத் தொகை. நம் நாட்டுத் திட்டங்களுக்கு உதவி என்றும் நன்கொடை என்றும் பொருள்படும் பெயர்கள் அமைந்தன. உதவி என்றால் வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும். உரிமை என்றால் கிடைக்காதவர் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்கும் பழக்கம் பினாங்குக்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம் பெரியவரான எஸ்.எம். முகம்மது இட்ரிஸ் 2019-இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சாதாரண மக்களின் புகார்களைக் கேட்டு, எழுதி, உரிய இடத்துக்கு அனுப்பும் வேலையைப் பல்லாண்டு செய்தது. கல் எறியாமலும் வாய் மூடாமலும் குறையைச் சொல்லலாம் என்று அது காட்டியது.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஓர் உதவி அறிவிக்கப்படும்போது நாம் நான்கு செய்திகளைக் கேட்டறிவோம். அது ஒரு முறையா, மாதந்தோறுமா? மீட்டருக்கா, வண்டிக்கா, ஆளுக்கா? எந்தக் கடையில் செல்லும்? நம் லயத்தில் யாருக்கு வராது? முதல் மூன்றுக்கும் விடை தெரிந்தால் நம் குடும்பத்துக்கு வர வேண்டியது தவறாது. நான்காவதற்கு விடை தெரிந்தால், அந்த அண்டை வீட்டாருக்காக ஒரு மனு எழுதலாம். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது.