மாய்தான்பெக் முதல் மரக்கானா வரை: தேயான் பெட்கோவிச்சின் ஆட்டவாழ்வும் அதை நகர்த்திய விதிகளும்

கிளப் மாறிக்கொண்டே இருக்கும் கால்பந்து ஆட்டக்காரரை ‘ஓரிடத்தில் நிலைக்காதவர்’ என்று சொல்லிவிடுவது எளிது. செர்பியாவின் தேயான் பெட்கோவிச் யூகோஸ்லாவியா, ஸ்பெயின், பிரேசில், இத்தாலி, சீனா, சவூதி அரேபியா என ஆறு நாடுகளில் ஆடியவர். அவருடைய ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் பின்னால் ஒரு சட்டமோ, தடையோ, தீராத பாக்கியோ இருந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோசலிச யூகோஸ்லாவியாவில் ஆட்டக்காரர்கள் நினைத்தபோது வெளிநாடு போக முடியாது. பல ஆண்டுகள் 28 வயது என்ற வரம்பு இருந்தது. ரெட் ஸ்டார் கிளப்பின் செகுலராட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவுக்குப் போனது 1966இல். அப்போது அவருக்கு வயது 28. பிறகு அவர் கொலம்பியா வரை போய் ஆடினார். புகழ்பெற்ற ஜாயிச் பிரான்சின் பாஸ்தியாவில் சேர்ந்தது 1975இல், தம் 29ஆம் வயதில். நாடு கடந்து ஆடுவது அக்காலத்தில் ஆட்டவாழ்வின் பிற்பகுதிக்கு உரியதாக இருந்தது.

நாடு உடைந்தபோது இந்த வரிசை தலைகீழானது. 1991 மே 29 அன்று பாரி நகரில் ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1992 கோடைக்குள் புரொசினெச்கி ரியல் மாட்ரிட்டுக்கும், சவிச்செவிச் மிலானுக்கும், மிகாய்லோவிச் ரோமாவுக்கும் போய்விட்டனர். 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 757ஆம் தீர்மானம் விளையாட்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. யூரோ போட்டிக்காக ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்திருந்த யூகோஸ்லாவிய அணி திருப்பி அனுப்பப்பட்டது. அதன் இடத்தில் ஆடிய டென்மார்க் கோப்பையை வென்றது.

அந்த ஆண்டில்தான் பெட்கோவிச் ரெட் ஸ்டாரில் சேர்ந்தார். செப்புச் சுரங்க ஊரான மாய்தான்பெக்கில் 1972இல் பிறந்து, 16 வயதில் ராட்னிச்கி நிஷ் அணிக்காக முதல் பிரிவில் இறங்கியவர். ஆட்டம் முதிர வேண்டிய வயதில் அவருக்கு ஐரோப்பிய மேடையே இல்லாமல் போனது. இந்த இழப்பு அவருடைய வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்றே கருதுகிறேன்.

1995 டிசம்பரில் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. அதே மாதம் 15ஆம் தேதி வந்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அணிகளில் இருந்த எண்ணிக்கை வரம்பை நீக்கியது. செர்பியருக்கு அதனால் பயனில்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சில இடங்களே இருந்தன. 1996இல் மியாடோவிச், சூகெர், ராபர்டோ கார்லோஸ் வந்ததும் அந்த இடங்களுக்கான போட்டி கடுமையானது. செவில்லா, சான்டான்டெர் என்று கடனாக அனுப்பப்பட்ட பெட்கோவிச், 1997இல் பிரேசிலின் விட்டோரியாவுக்குப் போனார். ஆட்டக்காரர்களை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு, ஐரோப்பாவிலிருந்து ஒருவர் எதிர்த்திசையில் பயணப்பட்டார்.

இடையில் இத்தாலியின் வெனிசியாவில் சில மாதங்கள். 2000இல் ரியோவின் ஃபிளமெங்கோ. 2001 மே 27, மரக்கானா அரங்கம்: மாநில இறுதியின் முதல் ஆட்டத்தில் வாஸ்கோவிடம் 1–2 எனத் தோற்றிருந்த ஃபிளமெங்கோ, இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். 88ஆம் நிமிடத்தில் 2–1 என்றுதான் இருந்தது. தொலைவிலிருந்து பெட்கோவிச் அடித்த ஃப்ரீ கிக், கோல்கீப்பர் எல்டன் முழுநீளம் பாய்ந்தும் எட்டாமல் மேல்மூலையில் இறங்கியது. தொடர்ந்து மூன்றாவது முறையாக மாநிலப் பட்டம் ஃபிளமெங்கோவுக்கு. ரியோ அவரைப் ‘பெட்’ என்று செல்லமாக அழைத்தது.

ஆனால் அதே மாதம் கிளப்பின் வணிகப் பங்காளியான ஐஎஸ்எல் நிறுவனம் திவாலானது. பெட்கோவிச்சுக்குச் சம்பள பாக்கி சேர்ந்தது. 2002இல் பரம எதிரியான வாஸ்கோவுக்கே போனார். பிறகு ஷாங்காய், மீண்டும் வாஸ்கோ, ஜித்தாவின் அல் இத்திஹாத், ஃப்ளுமினென்ஸ், கோயாஸ், சான்டோஸ், அட்லெடிகோ மினெய்ரோ.

2009இல், 36 வயதில், ஃபிளமெங்கோவுக்குத் திரும்பியதற்கும் அந்தப் பழைய பாக்கியே வழி திறந்தது: கடனைத் தீர்க்கும் உடன்பாட்டின் பகுதியாக அவர் மீண்டும் களமிறங்கினார். அந்தப் பருவத்தில் கார்னரிலிருந்து நேரடியாகவே கோல்கள் அடித்தார். டிசம்பர் 6 அன்று கிரேமியோவுக்கு எதிராக அவர் அடித்த கார்னரை ஆஞ்செலிம் தலையால் முட்டி கோலாக்க, 17 ஆண்டுகளுக்குப் பின் தேசியப் பட்டம் ஃபிளமெங்கோவுக்குக் கிடைத்தது.

தேசிய அணி அவரை 1998க்குப் பின் ஆட வைக்கவில்லை. 2011 ஜூன் 5 அன்று ரியோவில் கொரிந்தியன்ஸுக்கு எதிராகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தபோது, உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடியிருக்கவில்லை.