பழவேற்காட்டுக் குடும்பங்களும் மூன்று ஏடுகளும்



சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இந்த உவர் நீர்ப் பரப்பின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே முகத்துவாரத்தை ஒட்டிப் பழவேற்காட்டு ஊரும் அதன் குப்பங்களும் உள்ளன. மேற்குக் கரையில் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள ஊர் சுண்ணாம்புக்குளம். ஏரியில் படிந்து கிடந்த சிப்பி, கிளிஞ்சல் ஓடுகளை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது இந்த வட்டாரத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. அத்தொழிலை நினைவூட்டும் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறது.

இந்த ஏரிக்கரையின் வரலாறு என்றவுடன் போர்த்துக்கேசியர், டச்சுக்காரர், கோட்டை, பீரங்கி என்பவையே நம் நினைவுக்கு வரும். அவை உண்மையே. ஆயினும் இன்று நான் சொல்ல விரும்புவது வேறொன்று. இக்கரையில் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று, இழந்து, மறைந்த சாதாரணக் குடும்பங்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அவர்களுடைய பெயர்களைக் காத்து வைத்தவர் யார்? இதற்கு விடை தேடினால் மூன்று ஏடுகள் நம் முன் வருகின்றன. ஒன்று கல்லில் எழுதியது. மற்றொன்று ஊரார் நினைவில் எழுதியது. மூன்றாவது கோவிலில் எழுதியது.

முதலில் கல்லேட்டைக் காண்போம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் ஒரு கோட்டை கட்டி, அதற்குத் தம் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் ஜெல்டிரியா என்று பெயரிட்டனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. 1824இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1825இல் இவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு வந்து சேர்ந்தது. இன்று கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. எஞ்சி நிற்பது கல்லறைத் தோட்டமே. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அத்தோட்டத்தின் வாயிலில் இரு பக்கமும் எலும்புக்கூட்டின் உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நிலையாமையை உணர்த்த வேறு உரை வேண்டுவதில்லை.

உள்ளே கிடக்கும் கற்பலகைகள் அழகிய வேலைப்பாடு உடையவை. குடும்பச் சின்னமும், பூங்கொடியும், பிறந்த நாளும், இறந்த நாளும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 1905ஆம் ஆண்டில் ஜே. ஜே. காட்டன் என்னும் அலுவலர் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துக்களைத் திரட்டி நூலாக்கியபோது பழவேற்காட்டுக் கற்களையும் அதில் சேர்த்தார். ஆனால் இந்த ஏட்டில் இடம் பெற்றவர் யார்? கல்லுக்கும் சிற்பிக்கும் பொருள் கொடுக்க முடிந்தவர்களே. அவர்கள் உண்ட மீனைப் பிடித்தவனுக்கும், அக்கோட்டைக்குச் சுண்ணாம்பு சுமந்தவளுக்கும் அங்கே ஒரு வரியும் இல்லை. இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழை மக்களுக்கும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதரை நினைவுகூர வேண்டும். ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் டச்சுப் பாதிரியார் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் சமயப் பணி செய்தார். பத்மநாபன் என்னும் பிராமணரோடு நெருங்கிப் பழகி, நம் நாட்டார் குழந்தைக்குப் பெயரிடுவது எவ்வாறு, மணம் நிகழ்த்துவது எவ்வாறு, இறந்தாரை அடக்கம் செய்வது எவ்வாறு என்பவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் செய்யுட்களையும் அவர் வாயிலாகக் கேட்டு டச்சு மொழியில் ஆக்கினார். ஆனால் நூல் அச்சேறுமுன், 1649இல் அவர் காலமானார். அவருடைய மனைவியே அந்தக் கையெழுத்துப் பிரதியைக் காத்து, 1651இல் லெய்டன் நகரில் வெளிவரச் செய்தார். கணவனை இழந்த ஒரு பெண்மணி பொறுப்போடு பேணியதனால் அன்றோ பழவேற்காட்டு வீடுகளின் செய்தி ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது! குடும்பப் பற்றும் வரலாறும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி இரண்டாவது ஏட்டுக்கு வருவோம். இது காகிதத்தில் எழுதியதைக் காட்டிலும் மனத்தில் எழுதியதே மிகுதி. பழவேற்காட்டு மீனவர் சில குப்பங்களில் ‘பாடு’ என்னும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. இன்று இந்தக் குப்பத்தார், நாளை அந்தக் குப்பத்தார் என்றும், குப்பத்துக்குள் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்றும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். வலியவன் நல்ல இடத்தைப் பற்றிக்கொள்ள இம்முறை இடம் தராது. இந்துக் குப்பத்தாரும், மாதாகுப்பத்துக் கிறிஸ்தவரும் ஒரே ஒழுங்கின் கீழ் முறை பங்கிட்டு வாழ்ந்தது நம் நாட்டுக்கே பெருமை தருவது.

மணம் முடித்துத் தனிக் குடும்பமான ஆடவனைத் தலைக்கட்டு என்பார்கள். திருமணத்தால் அவனுக்கு மனைவி மட்டும் வருவதில்லை. ஊரில் ஒரு கணக்கும் வருகிறது. இந்தத் தலைக்கட்டுக் கணக்கைச் சிறிதும் பிழையின்றி நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் குப்பந்தோறும் உண்டு. எனினும் இந்த ஏட்டிலும் ஒரு குறை இருக்கிறது. இதில் பெண்ணுக்குப் பெயர் இல்லை, குழந்தைக்கும் இல்லை. விடியற்காலையில் கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்கு நடந்து குடும்பத்தைக் காத்தவள், கணவனை நீர் கொண்டுபோன பின்னும் பிள்ளைகளை ஆளாக்கியவள், இந்தக் கணக்கில் தன் பெயரால் எண்ணப்படுவதில்லை.

மூன்றாவது ஏடு கோவில் ஏடு. பழவேற்காட்டு மகிமை மாதா கோவில் 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்வது. டச்சுக்காரர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் கத்தோலிக்க வழிபாடு நடைபெற்று வந்தது. 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து சங்கம் தன் முடிவாண்டில் ஒரு விதி வகுத்தது. பங்குக் குரு ஒவ்வொருவரும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஏடு வைத்து எழுத வேண்டும் என்பதே அவ்விதி. 1614இல் உரோமையில் வெளியான சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும், குடும்பங்களின் நிலையைக் குறிக்கும் ஏட்டையும் அவற்றோடு சேர்த்தது. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலேயே இத்தகைய கட்டளை பிறந்திருந்தது. இவ்வழக்கம் திருச்சபையோடு கடல் கடந்து, நம் கடற்கரைக் குப்பங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு கோவில் ஏட்டை நீங்கள் பார்த்ததுண்டோ? அதில் அலங்காரம் ஏதும் இல்லை. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம்; அவ்வளவே. பல பங்குகளில் நெடுங்காலம் இலத்தீன் மொழியிலேயே எழுதி வந்தனர். ஆனால் அந்த ஒரு வரியின் பின்னால் ஒரு வீடே நிற்கிறது. பிறந்த குழந்தை பிழைக்காது என்று அஞ்சிய மருத்துவச்சி, சாமியார் வரும்வரை காத்திராமல் தானே தலையில் நீர் ஊற்றிப் பெயரிடுவதைத் திருச்சபை ஒப்புக்கொள்கிறது. அவ்வாறு ஒரு நாள் மட்டும் வாழ்ந்த சிசுவுக்கும் ஏட்டில் பெயர் உண்டு. கோட்டைத் தலைவனுக்குக் கல்லில் ஒரு வரி என்றால், அந்தச் சிசுவுக்கு மையில் ஒரு வரி.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையின்போது ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணக்க இருக்கின்றனர். தடை அறிந்தவர் சொல்லலாம் என்பது அதன் கருத்து. தன் பெயர் வாசிக்கப்படும்போது நாணித் தலைகுனியும் பெண்ணையும், அன்று மட்டும் தவறாமல் கோவிலுக்கு வந்து முன் வரிசையில் நிற்கும் மாப்பிள்ளையின் தோழர்களையும் காண்பது ஊருக்கு ஒரு சிறு திருவிழாவே. வேடிக்கையான குழப்பங்களும் உண்டு. பாட்டன் அந்தோணி, பேரன் அந்தோணி, பெரியப்பா மகன் அந்தோணி என ஒரே தெருவில் பல அந்தோணிகள் இருந்தால், ஏடு எழுதும் உபதேசியார் என்ன செய்வார்? வீட்டுப் பட்டப்பெயரைக் கேட்டு அறிந்துதான் வேறுபடுத்துவார். பின்பு நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு குடும்பத்தார் கல்லறைக்குச் செல்வர். மரச்சிலுவை மண்ணில் மக்கிப்போயிருந்தாலும், இறந்தோர் ஏட்டில் பெயர் மக்கிப்போவதில்லை.

இங்கே என் பிழை ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துக் கடலோர ஊர் ஒன்றில் பணியேற்ற புதிது, 1980களின் பிற்பகுதி. சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு மூதாட்டி தன் பேரனைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். பையனின் தந்தையைக் கடல் கொண்டுவிட்டது. பிறந்த தேதி கேட்டேன். “மாதா திருநாள் கொடி இறங்கின மூணாம் நாள் பொறந்தவன் சார், அந்த வருஷம் முகத்துவாரம் அடைச்சுக்கிட்டு மீனே இல்லை” என்றாள். வரலாறு கற்பிக்கும் நான் அந்த வரலாற்றைக் கேட்டும் கேளாதவனாக, ஜூன் 1 என்று எழுதி, ஆண்டையும் என் மனம்போல் இட்டேன். அக்காலத்தில் பள்ளிகள் பலவற்றில் அப்படித்தான் எழுதினோம். ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் வகுப்பு நிறைய இருந்தார்கள்!

ஆண்டுகள் பல சென்றன. அந்தப் பையன் நன்றாகப் படித்து, ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். பள்ளிச் சான்றின்படி வயது வரம்பை ஓராண்டு கடந்துவிட்டான் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கோவில் ஏட்டில் அவன் பிறந்த நாள் தெளிவாக இருந்தது. உண்மையில் அவன் ஓராண்டு இளையவன். ஆனால் சான்றைத் திருத்தி முடிப்பதற்குள் இடம் நிரம்பிவிட்டது. அவன் என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. “பாட்டி சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு சார்” என்று மட்டும் சொன்னான். பள்ளிக்கும் கோவிலுக்கும் இடையே முந்நூறு அடி தூரம்கூட இல்லை. அந்த முந்நூறு அடியை நான் நடக்கவில்லை. ஒரு வரி எழுத்து ஒருவன் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை அன்றுதான் நான் கற்றேன்.

கோவில் ஏடு தனி ஒருவனுக்கு மட்டும் பயன்படுவதன்று. பிரான்சு நாட்டில் லூயி ஆன்றி என்னும் அறிஞர் 1950களில் ஒரு முறையை வகுத்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று ஏடுகளிலும் ஒரே குடும்பத்தைப் பற்றிய வரிகளைப் பொறுக்கி ஒன்று சேர்த்தால், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே உருவாகிவிடும். மணமகளுக்கு வயது என்ன, எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளை, எத்தனை பிள்ளைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன, எந்த ஆண்டில் நோய் வந்தது என்பவை எல்லாம் தெரியவரும். இங்கிலாந்தில் ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்னும் இருவர் 404 பங்குகளின் ஏடுகளில் எண்ணிக்கை எடுத்து, 1541 முதல் 1871 வரையுள்ள மக்கள்தொகை வரலாற்றை 1981இல் நூலாக வெளியிட்டனர். அரசர் பெயர் அறியாத உழவனும் தச்சனும் அவர்களுடைய நூலுக்கு ஆதாரம் ஆயினர்.

ஆயினும் கோவில் ஏடும் முழுமையானதன்று என்பதை மறத்தலாகாது. அது தன் சபையாரை மட்டுமே அறியும். அதே ஏரிக்கரையில் வாழும் இந்து மீனவர், பழவேற்காட்டு இசுலாமியர், நாணற்புதரின் ஓரத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் ஆகியோரின் பிறப்பும் இறப்பும் அதில் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல் தான் வந்தது. எல்லா மக்களையும் ஒரே கண்ணால் காணும் நான்காவது ஏடு அதுவே. ஏடு இருந்தால் மட்டும் போதாது. அதில் எழுதச் செல்லும் கால்களும் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமஸ் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. உயிர்களோடும் படகுகளோடும், பெட்டியில் மடித்து வைத்திருந்த சான்றுகளையும் குடும்ப அட்டைகளையும் அது கொண்டுபோயிற்று. உயிர் பிழைத்தவர் பலர், தாம் இன்னார் என்று மெய்ப்பிக்கவே அலைய நேர்ந்தது. பெயர் எழுதி வைத்த ஏடு எத்துணை அருமையானது என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

மாணவர்களே, வரலாறு கோட்டையில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்லுங்கள். பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இழந்தவை எத்தனை, அவற்றின் பெயர் என்ன என்று மெல்லக் கேளுங்கள். அவர் தேதி சொல்லமாட்டார். திருநாள் சொல்லுவார், வெள்ளம் சொல்லுவார், மீன் கிடைக்காத ஆண்டைச் சொல்லுவார். அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் பின்னர்த் தேடிக் கண்டுபிடிக்கலாம். நான் ஒருமுறை கேளாமல் விட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.